கிளித்தட்டும் தொடக்க உதையும்

விழா மலருக்கு ஏதேனும் எழுதியனுப்புமாறு மலராசிரியர் கேட்டபொழுது, கல்லூரி நாட்களின் நினைவுகளையே எழுதலாமென முதலில் எண்ணினேன். அவற்றை என்னிலும் செவ்வனே எழுதவல்லார் பலர் உளர். ஆகவே, நம்மவர் பெரும்பாலோர் பார்த்திராத ஒரு விளையாட்டிலே, அதிலும் அவ்விளையாட்டின் அன்பரே பொருட்படுத்தாத ஒரு பகுதியிலே, யான் பயிற்றுனனாய் இருந்த கதையை எழுதத் துணிந்தேன். அவ்விளையாட்டு அமெரிக்க உதைபந்தாட்டம்.

பெயரில் உதை இருப்பினும் ஆட்டத்திற் பெரும்பகுதி கையாலேயே நிகழ்வது. பந்து முட்டை வடிவினது. றக்பி பார்த்தவர்கள் ஓரளவு ஊகித்துக்கொள்வர். பக்கத்துக்குப் 11 பேர். பந்தை உடையவர்கள் நான்கு முயற்சிகளுள் 10 யார் முன்னேறல் வேண்டும். இயலாதாயிற் பந்து மற்றவர் கைக்குப் போய்விடும். ஒரு குழுவினுள்ளே மூன்று அணிகள் உண்டு. பந்தைக் கொண்டு முன்னேறுவோர் ஓர் அணி. அவர்களை மறிப்போர் மற்றோர் அணி. பந்து உதைக்கப்படும் வேளைகளில் மட்டும் களத்தில் இறங்குவோர் மூன்றாவதாகிய விசேட அணி. முதலணியினரின் படங்கள் பத்திரிகைகளில் வரும். மறிப்போருக்கும் ஓரளவு புகழ் உண்டு. விசேட அணியினரின் பெயரோ, அவர்கள் பிழை விட்டாலன்றி எவர் வாயிலும் வராது.

ஓகாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பாடசாலையிற் கணிதம் கற்பிக்க யான் சென்றது 2001 ஆம் ஆண்டில். இவ்விளையாட்டைப் பற்றி எனக்கு அப்பொழுது ஒன்றுந் தெரியாது. கணித ஆசிரியர் என்ற காரணத்தாற் போலும், தலைமைப் பயிற்றுனர் என் கையில் ஒரு நிறுத்தற் கடிகாரத்தைத் தந்து, உதைகளின் நேரத்தைக் கணித்துக் கூறுமாறு கேட்டார். எதிரியின் எல்லைக்குள்ளே பந்தைத் தொலைவாக உதைத்துத் தள்ளவேண்டிய வேளையில், நடுவில் நிற்பவன் குனிந்து தன் கால்களுக்கிடையாற் பந்தைப் பின்னே எறிவான். ஏறக்குறைய 15 யார் பின்னால் நிற்பவன் அதைப் பிடித்து உதைப்பான். எறிந்த கணத்திலிருந்து உதை விழும் வரை 2.2 விநாடிக்கு மேற் சென்றால் எதிரி பாய்ந்து தடுத்துவிடுவான். இதை அளந்து அளந்து எழுதிக்கொண்டிருந்தவனிடம் மூன்றாவது ஆண்டில் விசேட அணியையே ஒப்படைத்தனர். அதற்கு அடுத்த ஆண்டு மறிக்கும் அணியிலும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது. நம் கல்லூரியிலே ஆசிரியரைச் ‘சேர்’ என்போம். அங்கே பையன்கள் என்னைக் ‘கோச்’ என்றனர். அவ்விளியைக் கேட்டு யான் கொண்ட பெருமை சிறிதன்று என்பதை இங்கு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

உண்மையைக் கூறின், யான் அவர்களுக்குக் கற்பித்த வித்தை ஓகாயோவிற் கற்றதன்று. ஊர் வெளியிற் கற்றது. கிளித்தட்டை, தாச்சி மறித்தல் என்றும் நம்மவர் கூறுவர், ஆடாத பழைய மாணவர் அரியர். அதிலே மறிப்பவனுக்கு ஒரு கோடு உண்டு. அக்கோட்டை விட்டு அவன் விலகலாகாது. அடுத்த கோட்டில் எவனோ நழுவிப் போகிறான் என்று கண்டு மனம் பதைக்கும். உடல் முன்னே பாயும். பாய்ந்தால் தன் கோடு திறந்துவிடும். அமெரிக்க ஆட்டத்திலே ஆட்டந் தொடங்கும்போதும் புள்ளி பெற்ற பின்னரும் ஒரு பக்கத்தார் பந்தை நெடுந்தொலைவுக்கு உதைப்பர். அதுவே தொடக்க உதை. உதைப்பவன் ஒழிந்த பத்துப் பேரும் களத்தின் அகலமாகிய 160 அடியையும் தமக்குள்ளே பகிர்ந்துகொண்டு ஓடுவர். ஒருவனுக்கு 16 அடி. அத்தடத்தை அவன் காக்கவேண்டும். பந்தைப் பிடித்தவன் எதிர்ப்புறம் ஓடுவது போலக் காட்டுவான். எல்லோரும் அவனை நோக்கிச் சாய்வர். ஒருவன் விட்ட தடத்தினூடாக அவன் எல்லைக்கோடு வரை ஓடிவிடுவான். யான் கரும்பலகையிற் கிளித்தட்டுக் கோடுகளை வரைந்து விளக்கிய அன்று பையன்கள் நகைத்தனர். மறுநாள் மைதானத்திற் சுண்ணாம்புக் கோடிட்டு அவர்களைக் கிளித்தட்டே ஆடவைத்தேன். எவரும் நகைக்கவில்லை, தட்டு மாறித் தட்டு மாறி வியர்த்துப் போயினர்.

மறிக்கும் அணியிலும் இதே தொல்லைதான். பாடசாலைக் குழுக்கள் பல, பந்து மூவரில் எவன் கையிற் போகுமென்று கடைசிக் கணம் வரை தெரியாத ஒரு சூழ்ச்சியை ஆடும். அதற்கு மாற்று ஒன்றே: மூவருக்கும் தனித்தனியே ஆள் வைத்தல். நடுவால் ஓடுபவனுக்கு என வைக்கப்பட்டவன், அவன் கையிற் பந்து இல்லையென்று கண்ணாரக் கண்டாலும் அவனையே பிடித்து வீழ்த்தவேண்டும். பந்தில்லாதவனைப் பிடிக்குமாறு ஒரு பதினாறு வயதுப் பையனை இணங்கச் செய்வதிலும் வர்க்கமூலங் கற்பிப்பது எளிது.

விசேட அணிக்கெனத் தனிப் பயிற்றுனரை வைப்பது பழைய வழக்கமன்று. 1969 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் றாம்ஸ் குழுவின் பயிற்றுனரான ஜோர்ஜ் அலன், டிக் வேர்மீல் என்பவரை அதற்கென்றே அமர்த்தினார். அந்த வேர்மீல் பின்னர் சென். லூயிசுக்குப் பெயர்ந்த அதே குழுவின் தலைமைப் பயிற்றுனராகி 2000 ஆம் ஆண்டு ஜனவரியிற் சுப்பர் பௌல் வென்றார். கடைசி ஓட்டத்தில், எதிரி எல்லைக்கோட்டுக்கு ஒரு யார் அப்பால் நீட்டிய கையோடு வீழ்ந்தான். அவனை வீழ்த்திய மைக் ஜோன்ஸ் தலையால் முட்டவில்லை. கைகளாற் கால்களைச் சுற்றிப் பற்றினான். அப்படச்சுருளை யான் பன்முறை பார்த்திருந்தேன். பார்த்தும் கற்கவேண்டியதைக் கற்கவில்லை.

நிற்க. என் பிழைக்கு வருகிறேன்.

தொடக்க உதையில் முதலில் எதிரியைச் சென்றடைபவனுக்குத் தலைக்கவசத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கத்தை யான் ஏற்படுத்தியிருந்தேன். பெயர் வெளிவராத அணிக்கு ஓர் ஊக்கமாகட்டும் என்பதே என் நினைவு. 2008 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்துள் ஒருவன் கவசத்தில் ஏழு நட்சத்திரங்கள் ஏறியிருந்தன. குழுவிலே மிகச் சிறியவன்; இடப்புறமிருந்து இரண்டாந் தடம் அவனுடையது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, விளக்கொளியில் நடந்த ஆட்டத்தில், அவன் எல்லோருக்கும் முன்னே பறந்து சென்று, தலையைத் தாழ்த்தி மோதினான். மற்றவனுடைய முழங்கால் அவன் கவசத்திற் பட்டது. எழுந்து தானாகவே நடந்து வந்தான். “நலமா?” என்றேன். “நலம், கோச்” என்றான். நம்ப விரும்பினேன், ஆதலின் நம்பினேன்.

சில நிமிடங்களில் நம் பக்கம் புள்ளி பெற்றது. மீண்டும் தொடக்க உதை. அவன் ஓடிச் சென்று நான்காந் தடத்திலே நின்றான். அங்கே வேறொருவன் நிற்கிறான். இரண்டாந் தடம் வெறுமையாய்க் கிடக்கிறது. முதலில் எனக்கு வந்தது சினம். எண்ணைச் சொல்லிக் கூவினேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான், அசையவில்லை. அப்பொழுதுதான் விளங்கிற்று. தலைமைப் பயிற்றுனர் ஆட்டத்தை நிறுத்துவித்தார். யாருடன் ஆடுகிறோம் என்று அவனைக் கேட்டேன். முன்னைய வாரத்துக் குழுவின் பெயரைச் சொன்னான்.

மூளையதிர்ச்சி என்றார் வைத்தியர். ஐந்து கிழமை அவனால் வாசிக்க முடியவில்லை. வெளிச்சம் கண்ணுக்குப் பகையாயிற்று. வகுப்பிலே மூன்றாம் வரிசையில் அவன் இருக்கை வெறுமையாய் இருந்தது. அவன் தாயார் ஒரு நாள் பாடசாலைக்கு வந்து, அவனது கவசத்தைப் பார்க்க வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நட்சத்திரங்களை விரலால் எண்ணி, இவை எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. கவசத்தை என் மேசையில் மெல்ல வைத்துவிட்டுப் போனார். அன்று மாலையே எல்லாக் கவசங்களிலுமிருந்து நட்சத்திரங்களைச் சுரண்டி எடுத்தேன். பசை எளிதிற் போகவில்லை.

அவ்வைந்து கிழமையும் இரவிரவாக இவ்விளையாட்டின் பழைய வரலாற்றைப் படித்தேன். 1892 ஆம் ஆண்டிலேயே ஹாவார்ட் குழுவினர் யேல் குழுவினருக்கெதிராக, இரண்டாம் பாதியின் தொடக்க உதையின்போது, ஆப்பு வடிவில் திரண்டு பாயும் ஓர் உபாயத்தைக் கையாண்டனர். ஈராண்டுகளில் அது விதியால் விலக்கப்பட்டது. எனினும் மோதலும் மரணமும் குறையாமையால், 1905 ஆம் ஆண்டிற் சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ற் ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசவேண்டியதாயிற்று. மறு ஆண்டில் விதிகள் பெரிதும் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறிய இடங் கிடைத்தது அப்பொழுதே. தலையால் முட்டி வீழ்த்துவதைப் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் 1976 இல் தடைசெய்தன. கழுத்து முறிந்து செயலற்றுப் போவோர் தொகை அதன் பின் வெகுவாகக் குறைந்தது. விதி முப்பத்திரண்டு ஆண்டாக ஏட்டில் இருந்தது. யானோ முன்னே சென்றடைபவனுக்கு நட்சத்திரம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பின்னர் உலகமும் மாறியது. மூளையதிர்ச்சி என்று ஐயுறப்படும் மாணவனை உடனே களத்திலிருந்து அகற்றவேண்டும், தகுதியுடைய மருத்துவத் துறையினர் ஒப்பினாலன்றி அவன் மீளலாகாது என்னும் சட்டத்தை 2009 இல் வாஷிங்ரன் மாநிலம் இயற்றியது. 2014 தொடக்கத்துள் எல்லா மாநிலங்களும் அத்தகைய சட்டத்தைக் கொண்டுவிட்டன. தொழில்முறைக் கழகங்களோ தொடக்க உதையின் உருவையே 2024 இல் மாற்றின. இப்பொழுது இரு பக்கத்தாரும் 5 யார் இடைவெளியில் எதிரெதிரே நின்று, பந்து கீழே விழும் வரை அல்லது ஒருவன் அதைத் தொடும் வரை அசையாதிருப்பர். முழுவேகத்தில் நெடுந்தொலைவு ஓடிவந்து மோதும் பழைய காட்சி அங்கே இல்லை. ஆட்டம் கெட்டுவிட்டது என்பாரும் உளர். அவர்களுள் எவரும் ஒரு தாயார் நட்சத்திரம் எண்ணக் கண்டிரார் என்று நினைக்கிறேன்.

யான் செய்த மாற்றம் சிறிது. கவசத்தைக் கழற்றிவிட்டு, முழந்தாளில் நின்றபடியே, தோளால் அணைத்துக் கைகளாற் கால்களைப் பற்றுவதைப் பயிற்றினேன். 2014 இல் சியாற்றில் குழுவின் பயிற்றுனர் பீற் கரல், றக்பியைப் பின்பற்றித் தோளாற் பிடிக்கும் முறையைப் படமாக்கி வெளியிட்டபோது, அதையும் சேர்த்துக்கொண்டேன். சனிக்கிழமைகளிற் படச்சுருளை ஓடவிட்டு, யார் பிடித்தான் என்பதை விட்டு, யார் யார் தத்தம் தடத்தில் நின்றனர் என்பதை மட்டும் எண்ணிக் குறித்தேன். முன்னே சென்றடைபவனைப் பற்றிய பேச்சே எழவில்லை.

அந்தப் பையன் மீண்டும் ஆடவில்லை. நவம்பரில் வகுப்புக்குத் திரும்பிய அன்று, பாடம் முடிந்ததும் மேசையருகே வந்து நின்றான். தவறவிட்ட கணக்குகளைக் கேட்கப் போகிறான் என்றெண்ணினேன். “என் தடத்தில் இப்பொழுது யார் ஓடுகிறான், கோச்?” என்றான். சொன்னேன். அவ்வாண்டின் கடைசி ஆட்டத்துக்குத் தாயாரின் அனுமதியோடு வந்து என் பக்கத்தில் நின்றான்; நிறுத்தற் கடிகாரத்தை அவனிடம் கொடுத்தேன். ஒவ்வோர் உதைக்கும் நேரத்தைச் சொன்னான், யான் குறித்துக்கொண்டேன். தொடக்க உதையின்போது மட்டும் அவன் பந்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. இடப்புறமிருந்து இரண்டாந் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.