ஆழ்கடலும் சிலுவையும்

இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் டூட்லி என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள புனிதர் அனைவர் ஆலயம் ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன், விடுமுறையில் சென்ற குரு ஒருவருக்குப் பதிலாக அருகிலுள்ள கத்தோலிக்கப் பங்கில் ஒரு மாதம் பணியாற்றியபோது, ஒரு நாள் காலையில் அவ்வாலயத்திற்குச் சென்றேன்.

பலிபீடத்திற்கு மேலே, கீழ்த்திசைச் சுவரில், நீலமயமான வண்ணக் கண்ணாடிச் சாளரம். சாரா என்னும் இளம்பெண்ணின் நினைவாக அவளுடைய பெற்றோர் அமைத்தது. 1963-இல் கடலில் நேர்ந்த பாய்ப்படகு விபத்தில் அவள் மூழ்கி இறந்தாள். வயது 21. தந்தை யூதர், தாய் ஆங்கிலிக்கன் சபையினர். பாரிஸ் நகரில் மார்க் ஷகாலின் எருசலேம் சாளரங்களைக் கண்டு மகள் மகிழ்ந்ததை எண்ணி, அந்த யூத ஓவியரையே பெற்றோர் நாடினர்.

சாளரத்தின் அடியில், அலைகளின் சுழலில், அவள் கிடக்கிறாள். அருகே துயருறுவோர். அந்த ஆழத்திலிருந்து ஓர் ஏணி மேலெழுகிறது. உச்சியில், சிலுவையில் விரிந்த கைகளுடன் இயேசு.

அதைக் கண்டதும் என் பழைய மறையுரையொன்று என் நெஞ்சைச் சுட்டது.

கடலோரப் பங்கொன்றில் நான் இருந்த காலத்தில், இளைஞன் ஒருவன் கடலில் மாண்டான். அடக்கத் திருப்பலியில் இறைத் திருவுளத்தைப் பற்றி நெடுநேரம் விளக்கினேன். முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின் அவன் தாய் கேட்டார்: “சாமி, எம் புள்ள தண்ணியில தத்தளிச்சப்ப ஆண்டவரு எங்க இருந்தாரு?” குருமடத்தில் படித்த இறையியலிலிருந்து விடை சொன்னேன். அவர் தலைகுனிந்து போய்விட்டார்.

ஷகாலின் சாளரம் விடை ஏதும் சொல்லவில்லை. ஆனால், கடலின் நீலமே மேலேறிச் சிலுவையையும் சூழ்ந்திருக்கிறது. ஆண்டவர் கரையில் நின்று பார்க்கவில்லை. பாதாளத்தில் இறங்கினார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோமே, அந்த ஆழத்திலும் அவர் இருக்கிறார்.

1967-இல் இச்சாளரம் பொருத்தப்பட்டபோது நேரில் வந்த ஷகால், எஞ்சிய சாளரங்களையும் தாமே அமைக்க முன்வந்தார். 1985-இல் தமது 97-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே பன்னிரண்டு சாளரங்களும் நிறைவுற்றன. ஒரு மகளுக்காகச் சிந்திய கண்ணீர் ஓர் ஆலயம் முழுவதையும் ஒளியால் நிறைத்தது. அந்த ஒளியும் கண்ணாடியின் சொந்த ஒளியன்று. இரவில் உள்ளிருந்து பார்ப்பவருக்கு அது இருண்ட பலகையே. கதிரவன் எழும்வரை காத்திருக்க வேண்டும். துயருற்றோருக்கு ஆறுதல் சொல்லச் செல்லும் நமக்கும் இந்தக் காத்திருப்பு தேவையன்றோ!

ஊர் திரும்பியதும் அத்தாயின் இல்லம் சென்றேன். “மன்னித்துக்கொள்ளுங்கள், அம்மா” என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து, மகனின் படத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அத்தனை ஆண்டுகளில், அப்படத்தைக் காட்டுங்கள் என்று நான் கேட்டதே இல்லை.