ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்!

“கால் கொஞ்சம் வழுக்கிடுச்சு பாப்பா. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்.”

நவம்பர் மாத மழை மாலை. சிட்லபாக்கத்திலிருந்து அம்மா போன் செய்தபோது, கீழ்க்கட்டளையில் மகள் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து காபிக்குப் பால் வைத்திருந்தார். அவருக்கு வயது 46. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். அம்மா வீட்டுக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஸ்கூட்டரில் போனால் 20 நிமிடம்.

ஸ்கூட்டர் வாசலில்தான் நின்றது. கல்லூரியில் படிக்கும் மகளுக்காக வாங்கியது. ஆனால் மகள் அன்று டூரில் இருந்தாள். கணவர் ஸ்ரீபெரும்புதூரில் செகண்ட் ஷிஃப்ட். செயலியில் புக் செய்த ஆட்டோக்கள் மூன்று அடுத்தடுத்து கேன்சல் ஆயின. கடைசியில் மழையில் நனைந்தபடி பஸ் பிடித்து, பாதி வழியில் ஷேர் ஆட்டோ மாறி, அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு மணி 40 நிமிடம் ஆனது.

தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். பாத்ரூம் ஈரத்தரையில், சுவரில் சாய்ந்தபடி கிடந்தார் அம்மா. மாடி வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. “வலிக்குதுன்னு சொன்னா நீ பதறிடுவேன்னுதான் சொல்லல” என்றார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தாமதத்தால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால், அந்த ஒரு மணி 40 நிமிடத்தை மட்டும் மகளால் மறக்க முடியவில்லை. வாசலில் நின்ற வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா கிடந்த ஈரத்தரைதான் ஞாபகம் வந்தது.

“நான்தான் இருக்கேனே!”

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப்போவதாகச் சொன்னதும் கணவர் சிரித்தார். “இந்த வயசுல எதுக்கு ரிஸ்க்? நான்தான் இருக்கேனே!”

அவர் சொன்னதில் பொய் இல்லை. 19 வருடமாக, ஷிஃப்ட் இல்லாத நாளெல்லாம் ஆபீஸில் கொண்டுபோய் விட்டு, கூட்டிக்கொண்டு வருபவர் அவர்தான். மற்ற நாள்களுக்குப் பஸ் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குப் பயணமும் இலவசம். எல்லாம் சரிதான்.

“அன்னைக்கு நீங்க இல்லையேங்க...” என்றார் மனைவி.

அதற்குமேல் கணவர் எதுவும் பேசவில்லை.

எல்எல்ஆர் எடுப்பது அவர் நினைத்ததைவிட சுலபமாக இருந்தது. பரிவாஹன் இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொண்டு மகள் விண்ணப்பித்தாள். 40 வயதைத் தாண்டியவர் என்பதால் டாக்டரிடம் படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. சாலைப் பாதுகாப்பு வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் தேர்வு எழுதினார்.

முந்தின நாள் இரவு முழுக்க மகள்தான் டீச்சர். “முக்கோணத்துல இருந்தா எச்சரிக்கை. வட்டத்துல இருந்தா கட்டளை, மீறக்கூடாது. செவ்வகம்னா தகவல். மஞ்சள் லைட் விட்டு விட்டு எரிஞ்சா?” “வேகத்தைக் குறைச்சு, பார்த்துப் போகணும்.” “சூப்பர்மா!” பத்தாம் வகுப்பில் தான் கேள்வி கேட்டுப் படிக்கவைத்த மகள், இப்போது தன்னைக் கேட்பது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

எல்எல்ஆர் கைக்கு வந்தது. ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகே லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போக முடியும்.

முதல் பாடம்: தள்ளுவது

கணவரே சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. அது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நீடித்தது. “பிரேக்! பிரேக்!” என்று அவர் கத்த, “கத்தினா எனக்கு எதுவுமே ஓடாது” என்று இவர் கத்த, இருவரும் தனித்தனியாக வீடு திரும்பினார்கள். அடுத்த வாரமே பெண்களுக்கு வண்டி கற்றுத்தரும் ஒரு பயிற்சியாளரைத் தேடிப்பிடித்தாள் மகள். காலை 6 மணிக்கு, வீட்டருகே இருக்கும் காலி மைதானத்தில் வகுப்பு.

முதல் நாள் அந்தப் பெண் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. “முதல்ல வண்டியைத் தள்ளுங்கக்கா. சென்டர் ஸ்டாண்ட் போடுங்க, எடுங்க. 100 கிலோவுக்கு மேல இருக்கிற வண்டி. அது எந்தப் பக்கம் சாயும்னு உங்க உடம்புக்குத் தெரிஞ்சாதான் பயம் போகும்.”

சென்டர் ஸ்டாண்ட் போட கைபலம் தேவையில்லை, ஸ்டாண்டின் மீது காலை வைத்து உடம்பின் எடையை இறக்கினால் வண்டி தானே ஏறிவிடும் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள், பிரேக். “புதுசா ஓட்டுறவங்க பயந்தா என்ன செய்வாங்க தெரியுமாக்கா? ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பாங்க. கியர் இல்லாத வண்டியில வலது கையை இறுக்கினா ஆக்ஸிலரேட்டர் முறுகிடும். வண்டி இன்னும் வேகமாப் பாயும். அதனால பிரேக் மேல விரல் எப்பவும் இருக்கணும்.”

அது உண்மை என்று நான்காம் நாளே தெரிந்தது. நாய் ஒன்று குறுக்கே ஓட, இவர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்க, வண்டி பாய்ந்து மணல்மேட்டில் ஏறிச் சாய்ந்தது. முழங்கையில் சிராய்ப்பு. வீட்டில் சொல்லவில்லை. ஒரு வாரம் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டார்.

பத்தாம் நாள், முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார். பின்சீட்டில் பயிற்சியாளர். எல்எல்ஆர் வைத்திருப்பவர் பின்னால் வேறு யாரையும் ஏற்றக்கூடாது. லைசென்ஸ் உள்ள பயிற்சியாளர் மட்டும் உட்காரலாம்.

கோலமும் எட்டும்

டெஸ்ட் நாளில் வண்டியின் ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், ஹெல்மெட் எல்லாம் சரியாக இருந்தன. அவர் மட்டும் சரியாக இல்லை. வரிசையில் முன்னால் நின்ற பையன்கள் கல்லூரிக்குப் போகிற வயது. ஒவ்வொருவரும் விளையாட்டாக எட்டு போட்டுவிட்டுப் போனார்கள்.

இவர் முதல் வளைவைத் தாண்டினார். இரண்டாவது வளைவில் தரையைக் குனிந்து பார்த்தார். வண்டி தடுமாறியது. இடது கால் தரையில் ஊன்றியது.

“கால் ஊன்றிட்டீங்கம்மா. பிராக்டீஸ் பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்க” என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் கோபம் இல்லை. ஆனாலும் கண்ணில் நீர் முட்டியது. மறுபடி டெஸ்ட்டுக்கு வர ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

வெளியே நின்ற கணவர் எதுவும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தி, “நானும் முதல் தடவை பெயில்தான். உன்கிட்ட சொன்னதில்ல” என்றார். திருமணமாகி 22 வருடத்தில் முதல்முறையாக.

மறுநாள் காலை, கோலமாவு டப்பாவுடன் மைதானத்துக்கு வந்தார் கணவர். குனிந்து, கோணல்மாணலாக ஒரு எட்டு போட்டார். பார்க்கச் சகிக்காமல் டப்பாவை வாங்கி இவரே போட்டார். சின்ன வயதிலிருந்து கம்பிக்கோலம் போட்ட கை. ஒரே இழுப்பில் இரண்டு வளைவும் அளவாக வந்தன.

போடும்போதுதான் ஒன்று உறைத்தது. கோலம் போடும்போது யாரும் தன் விரலைப் பார்ப்பதில்லை. கண் அடுத்த புள்ளியில் இருக்கும், கை தானாக வந்து சேரும். “இதைத்தானேக்கா நான் பத்து நாளா சொல்றேன்! சக்கரத்தைப் பார்க்காதீங்க, போக வேண்டிய இடத்தைப் பாருங்க. வேகத்தை லேசா வெச்சுக்கிட்டு பின்பிரேக்கை மெதுவாத் தொட்டுக்கிட்டே திரும்புங்க” என்று சிரித்தார் பயிற்சியாளர்.

அடுத்த வாரம் கால் ஊன்றவில்லை.

லைசென்ஸ் தபாலில் வந்தது. பத்து வருடம் செல்லும். அதைப் புதுப்பிக்கும்போது தனக்கு 56 வயது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

கத்திப்பாரா வரை

லைசென்ஸ் கிடைத்ததாலேயே சென்னை சாலை வழிவிட்டுவிடாது. முதல் இரண்டு வாரம் கணவர் தன் பைக்கில் பின்னாலேயே வந்தார். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துக் குறுகிப்போன சாலை, திடீரென்று கதவைத் திறக்கும் கார்கள், இடதுபக்கம் புகுந்து வரும் பைக்குகள். மழைக்குப் பிறகு இரும்புத்தகடுகளின் மேல் பிரேக் அழுத்தக்கூடாது, நேராக, மெதுவாகக் கடக்க வேண்டும் என்பதை ஒருமுறை வழுக்கியே கற்றுக்கொண்டார். கத்திப்பாராவில் ஒருநாள் தவறான வளைவில் ஏறி, அசோக் நகர் பக்கம் போய்த் திரும்பி வந்தார். அன்று ஆபீஸுக்கு அரை மணி நேரம் லேட்.

சில பழக்கங்களை அவர் விடுவதே இல்லை. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், அதன் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டிய பிறகுதான் சாவியைத் திருப்புவார். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட். சேலை கட்டிய நாளில் முந்தானையை இடுப்பில் செருகுவார். சுடிதார் என்றால் துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப்போடுவார். பின்சக்கரத்தின் சேலைக் கார்டை எடுத்துவிடச் சொன்ன மகளிடம், “அது அழகுக்கு இல்லடி, உயிருக்கு” என்றார்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, கண்ணாடியில் பார்த்தபோது கணவரின் பைக் இல்லை. பதறி ஓரங்கட்டிப் போன் செய்தார். “நீ நல்லாத்தான் ஓட்டுற. நான் வீட்டுக்கு வந்துட்டேன்” என்றார் அவர்.

சென்ற மாதம், ஒரு சனிக்கிழமை மாலை அம்மாவிடமிருந்து போன். “ஒண்ணும் அவசரமில்ல பாப்பா. முருங்கைக்காய் நிறைய காய்ச்சிருக்கு. முடிஞ்சா ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்.”

20 நிமிடத்தில் வாசலில் ஹாரன் சத்தம். வாக்கரைப் பிடித்தபடி மெதுவாக கேட் வரை வந்த அம்மா, ஹெல்மெட் போட்ட உருவத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“யாருப்பா, என்ன வேணும்?”

மகள் ஹெல்மெட்டைக் கழற்றினார். அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு வானத்தைப் பார்த்தார்.

“மழை வரும்போல இருக்கு. வண்டியை உள்ள ஏத்தி விடு” என்றார்.