பயப்படாத ஷார்ட்

சந்தை முடிந்து டேட்டா வந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே படம் சுற்றும்: விலை இறக்கம், ஓபன் இன்ட்ரஸ்ட் ஏற்றம், சிவப்புக் கட்டத்தில் ‘ஷார்ட் பில்டப்’. அதைப் பார்த்துவிட்டுச் சிலர் மறுநாள் தாங்களும் ஷார்ட் போவார்கள். சிலர், ‘இவ்வளவு ஷார்ட் கிடக்கு, கவரிங் வந்தா பிச்சுக்கிட்டுப் போகும்’ என்று வாங்கி வைப்பார்கள். ஷார்ட் போனது யார் என்று மட்டும் இரண்டு கோஷ்டியும் கேட்காது.

ஃப்யூச்சர்ஸில் விற்றவர் ஒருவர் இருந்தால் வாங்கியவரும் ஒருவர் இருப்பார். ஷார்ட் எவ்வளவு கூடியதோ, லாங்கும் அவ்வளவே கூடியிருக்கும். அவசரப்பட்டது யார் என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு நான் பார்ப்பது கேஷ் விலைக்கும் ஃப்யூச்சர்ஸ் விலைக்கும் உள்ள இடைவெளியை.

பங்கு 1,000 ரூபாய், ஃப்யூச்சர்ஸ் 1,007 என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் பங்கு 970க்கு விழுகிறது, ஃப்யூச்சர்ஸ் 979இல் நிற்கிறது. ஓபன் இன்ட்ரஸ்ட் ஏறியிருப்பதால் கட்டம் சிவப்புதான். ஆனால் 7 ரூபாய் பிரீமியம் 9 ஆகியிருக்கிறதே! கரடிகள் முண்டியடித்து விற்றிருந்தால் பிரீமியம் கரைந்து டிஸ்கவுண்டுக்குப் போயிருக்கும். இங்கே நடந்தது பெரும்பாலும் வேறு. ‘சல்லிசா கிடைக்குது’ என்று மார்ஜினில் ஃப்யூச்சர்ஸ் வாங்கியவர்களுக்கு ஆர்பிட்ரேஜ் ஃபண்டுகள் விற்றிருக்கின்றன. விற்ற கையோடு கேஷில் பங்கையும் வாங்கிவிட்டன. ஃபண்டுகளுக்கு அந்த 9 ரூபாய்தான் வருமானம். பங்கு 1,200 ஆனாலும் தூக்கம் கெடாது, கையில் சரக்கு இருக்கிறது. இந்த ஷார்ட்டை நம்பி கவரிங்குக்குக் காத்திருப்பது வீண். அந்தப் பங்கில் நிஜமாகவே பலவீனமான தரப்பு, மார்ஜினில் வாங்கியவர்கள்.

என்எஸ்இ தினமும் வெளியிடும் பங்கேற்பாளர் வாரியான பட்டியலில் ஸ்டாக் ஃப்யூச்சர்ஸ் வரிசையில் உள்நாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் ஷார்ட்டாகவே தெரிவதற்கும் காரணம் இந்த ஆர்பிட்ரேஜ்தான். அதைக் காட்டி ‘மியூச்சுவல் ஃபண்டுகளே சந்தை விழும் என்கின்றன’ என்று யூடியூபில் பேசுபவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். டிஸ்கவுண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. டிவிடெண்ட் நாள் நெருங்கும்போது அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் ஃப்யூச்சர்ஸ் ஓடும்.

அமெரிக்கப் பங்குகளைப் பார்ப்பவர்கள், அங்கே தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ராவின் தினசரி ஷார்ட் வால்யூமில் 45, 50 சதவீதம் என்று கண்டு அதிர்ந்துபோகிறார்கள். வாங்க வருபவருக்குக் கையில் பங்கில்லாமலே விற்றுவிட்டு, அடுத்த நிமிடம் திருப்பி வாங்கிக்கொள்ளும் மார்க்கெட் மேக்கரின் வியாபாரமும் அதில் ஷார்ட்தான். அன்றைய முடிவில் எவ்வளவு ஷார்ட் மிச்சம் நின்றது என்பது வேறு கணக்கு. மாதத்துக்கு இரண்டு முறைதான், அதுவும் சில நாள் தாமதமாக வரும்.

நிஜமாகவே மாட்டிக்கொண்ட ஷார்ட் என்றால் 2008 அக்டோபர் ஃபோக்ஸ்வாகன். மொத்தப் பங்குகளில் ஷார்ட் சுமார் 12 சதவீதம். பார்வைக்கு மலைப்பான எண் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்ஷே தன் கையில் 42.6 சதவீதம் பங்கும், மேலும் 31.5 சதவீதத்துக்கு ஆப்ஷனும் இருப்பதாக அறிவித்தது. லோயர் சாக்சனி மாநில அரசிடம் 20 சதவீதம். சந்தையில் மிஞ்சியது 6 சதவீதத்துக்கும் குறைவு. திருப்பிக் கொடுக்க வேண்டியது அதைப் போல இரண்டு மடங்கு. செவ்வாய்க்கிழமை விலை 1,000 யூரோவைத் தாண்டியது. 12 சதவீதம் பெரிதா சிறிதா என்பதை அந்த 6தான் தீர்மானித்தது.

நம் ஊரில் அப்படி மாட்டுபவர் பெரும்பாலும் கேஷில் இன்ட்ராடே ஷார்ட் போகும் சில்லறை வியாபாரி. சந்தை மூடுவதற்குள் திருப்பி வாங்கியாக வேண்டும். சின்னப் பங்கு இரண்டு மணிக்கே அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் விற்க ஆளே இருக்காது. டெலிவரி கொடுக்க முடியாமல் ஆக்‌ஷனுக்குப் போய், அங்கே கேட்கும் விலையைக் கட்ட வேண்டியதுதான். மாலையில் சுற்றும் அந்தப் படத்தில் இவருக்குக் கட்டமே கிடையாது.