அக்கராயனில் ஒரு கோடிப்புறம்

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு, ஏ-9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் அக்கராயன் வரும். குளமும் வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஊர். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் விபரம் எடுக்கும் வேலையாக அங்கே போய்வருகிறேன். அக்கராயன் என்றதும் எல்லோரும் குளத்தைத்தான் சொல்வார்கள். எனக்கு ஞாபகம் வருவது ஒரு அக்காவின் கோடிப்புறம்.

முதன்முறை போனபோது கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு லேஞ்சியைக் கொடியில் போடப் போனேன். "பிள்ளை, அதிலை போடாதையுங்கோ" என்று அக்கா ஓடிவந்தா. கொடியில் ஏதோ குப்பை சிக்கித் தொங்குகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் தேன்சிட்டின் கூடு! சருகையும் மரப்பட்டைத் துணுக்கையும் சிலந்தி வலையால் இணைத்துக் கட்டிய சிறு பை. பக்கத்தில் ஒரு வாசல், அதற்கு மேல் மழை படாமல் ஒரு சிறு தாழ்வாரம். உள்ளே இரண்டு முட்டைகள்.

"கூடு கட்டினதும் அவள்தான், அடை கிடக்கிறதும் அவள்தான். அவர் பாட்டுப் பாடித் திரியிறார்" என்று அக்கா சிரித்தா. குஞ்சு பொரித்த பிறகு ஆண் குருவியும் இரை கொண்டுவரும் என்று அவருக்காக நான் பரிந்து பேசிப் பார்த்தேன். அக்கா நம்பவில்லை.

2008 இல் இராணுவம் அக்கராயனை நெருங்கியபோது கோழிகளைத் திறந்துவிட்டு வெளிக்கிட்ட குடும்பம் இது. முகாமிலிருந்து 2010 இல் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வளவில் ஆளுயரப் புல். மிதிவெடிப் பயத்தில் கன நாள் கோடிப்பக்கம் ஒருவரும் கால் வைக்கவில்லை. அங்கே பயமில்லாமல் திரிந்தவை புலுனிகள்தானாம்.

புலுனிகள் தனியே திரிவதில்லை. ஏழெட்டாகச் சேர்ந்து சருகைக் கிளறும்போது ஒன்று மேற்கொப்பில் இருந்து காவல் பார்க்கும். ஒரு சோடியின் குஞ்சுக்குக் கூட்டத்திலுள்ள மற்றவையும் இரை ஊட்டும். சுடலைக்குயில் களவாக முட்டையிட்டுப் போனால் அந்தக் குஞ்சையும் தம் குஞ்சாகவே வளர்க்கும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு இதை ஒரு விரிவுரையிலும் சொல்லித்தரவில்லை.

மாரி தொடங்க இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வரும். விடியவும் பொழுதுபடவும் வேலியோரப் பற்றைக்குள் இருந்து கூப்பிடும். பின்னேரம் அந்தக் குரல் கேட்டால்தான் அக்கா விளக்கேற்றுவா. சித்திரைக்குள் அது போய்விடும்.

எல்லாம் இரசிக்கிறமாதிரி இல்லை. மயில் பயற்றங் கன்றைக் கொத்தும். குரங்கு முருங்கைப் பிஞ்சை முறிக்கும். செண்பகமோ கீரைப் பாத்தியில் நத்தையைப் பொறுக்கித் தின்று உதவி செய்யும், ஆனால் சின்னக் குருவிகளின் முட்டையையும் குஞ்சையும் கூட விடாது. அதைக் கலைப்பதா விடுவதா என்று அக்காவுக்கு ஒவ்வொரு நாளும் யோசனை.

என் படிவத்தின் கடைசிப் பக்கம் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியது. அக்காவின் மகனை 2009 இற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்துக்கு அவவும் பஸ் ஏறிப் போனவ. கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் சொன்னா. பிறகு, "அங்கை பாருங்கோ பிள்ளை, அணில் சிரட்டையிலை தண்ணி குடிக்குது" என்றா. நான் பேனையை மூடினேன். அரை மணித்தியாலம் இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அரை மணித்தியாலத்தை எழுதுவதற்குப் படிவத்தில் இடமில்லை.

அடுத்த மாதம் போனபோது கூடு வெறுமையாக இருந்தது. செண்பகம் வேலியில் இருந்தது.

"குஞ்சுகள் பறந்திட்டுதோ அக்கா?"

"நான் பாக்கேல்லை. பறந்திட்டுதுகள் எண்டுதான் நினைக்கிறன்."

கொடியை அவ இன்னும் அவிழ்க்கவில்லை. ஈர உடுப்பை வேலியில் விரித்துவிட்டு, குரங்கு கலைக்கத் தடியோடு முருங்கையடிக்குப் போனா.