இருவர் மட்டும் ஒரு நாள்

வாசக சகோதரிகளே, உங்களை ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் இல்லாமல், மாமியார் இல்லாமல், நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மட்டும் எங்காவது ஒரு நாள் போய் வந்தது உண்டா? தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போனோமே என்பீர்கள். லாரி நிறையச் சனம், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, தலையில் சோற்று மூட்டை. அது பிரட்டுக் களத்தையே பெயர்த்துக்கொண்டு போவதல்லவா!

ஜோடியாக உல்லாசப் பயணம் போவது பணக்காரர்களுக்கும் சினிமாக்காரர்களுக்கும்தான் என்று நம்மவர்களுக்கு ஓர் எண்ணம். பினாங்குக் கொடிமலையும் அப்படித்தான் தொடங்கியது. வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்குப் பயந்து அங்கே பங்களா கட்டினார்கள். நடந்தால் அவர்களுக்குக் கால் வலிக்குமாம். கூலிகள் பல்லக்கு நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். 1923-இல் மலை ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான், டிக்கெட் வாங்க முடிந்த எவரும் ஏறலாம் என்றாயிற்று.

நாங்கள் ஏறியது 1979-இல். கல்யாணமாகி ஒன்பது வருஷம், மூன்று பெண் பிள்ளைகள், கெடாவில் ரப்பர்த் தோட்டம். லயத்து வீட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலகைத் தடுப்பு கூரை வரை எட்டாது. இங்கே இருமினால் மூன்றாவது வீட்டிலிருந்து, “கஷாயம் வைக்கட்டுமா?” என்று குரல் வரும். புருஷன் பெண்டாட்டி பேச்செல்லாம் அரிசி, பருப்பு, சம்பள நாள், அவ்வளவுதான்.

பிள்ளைகளை அடுத்த வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். “புது மாப்பிள்ளையா?” என்று கங்காணி கேலி செய்தார். பஸ் ஏறிப் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரி. போகும்போதுதான் காசு, திரும்பி வர இலவசம் என்றதும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆயர் ஈத்தாமில் ரயில் ஏறி, பாதி மலையில் இறங்கி வேறு பெட்டி மாறி, ஒரு சுரங்கத்துக்குள் புகுந்து உச்சியை அடைய அரை மணி நேரம் பிடித்தது. மேலே நல்ல குளிர்ச்சி.

அங்குள்ள முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தோம். கீழே பட்டணம், அப்பால் கடல், அதற்கும் அப்பால் பச்சை.

“அந்தப் பச்சைக்குள்ளதான் நம்ம லயம் இருக்கு” என்றார்.

அப்போதுதான் சொன்னேன். “எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டாங்க. மூணு போதும்.”

பேரன் வேண்டும் என்று மாமியார் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மூன்றாவது பிரசவத்தில் நான் பிழைத்ததே பெரிய காரியம். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருக்க, இதை எந்த ராத்திரியில் சொல்வது? நாட்டில் குடும்பத் திட்ட வாரியம் 1966-இலேயே வந்துவிட்டது, மாத்திரையும் இருந்தது. வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம்தான் எங்களுக்கு இருக்கவில்லை.

அவர் வெகுநேரம் கடலையே பார்த்திருந்தார். கோபமோ என்று எனக்குப் பயம்.

“அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஒண்ணும் சொல்லாதே” என்றார். மறு வாரம் கிளினிக்குக்குக் கூடவே வந்தார்.

மாலையில் மலை இறங்கினோம். குயின் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், பசார் தெருவில் புடவைக் கடைகள் (பார்த்ததோடு சரி), பிறகு கடலோரத் திடல். பக்கத்திலே விக்டோரியா ராணி ஆட்சியின் அறுபது ஆண்டு நிறைவுக்காக ஒரு சீனத் தனவந்தர் கட்டிக் கொடுத்த மணிக்கூண்டு. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். “நமக்கு ஒன்பது அடிதான்” என்றார் அவர். அவர் தமாஷ் செய்வார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது போவது சுலபம். 1985 முதல் பாலம் இருக்கிறது. பழைய பெர்ரிகள் ஓய்ந்து, 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. மலை ரயிலும் 2011-இல் புதிதாகிவிட்டது. நடுவில் மாற வேண்டாம், பத்தே நிமிஷம். மைகார்டைக் கொண்டு போங்கள், நம் நாட்டவர்களுக்குக் கட்டணம் குறைவு. பள்ளி விடுமுறையில் மட்டும் போகாதீர்கள், வரிசையிலேயே பொழுது போய்விடும். அந்தக் காசும் கையைக் கடிக்கும் என்றால், தாவரவியல் பூங்காவிலிருந்து உச்சிக்கு ஜீப் பாதை இருக்கிறது. சுமார் 5 கிலோமீட்டர். ஏற்றம் கடுமைதான். மலைக்காட்டில் பால் வெட்டிய கால்களுக்கு அது பெரிதா? வீட்டிலேயே சோறு கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பூங்காவில் பொட்டலத்தைப் பிரித்துவிடாதீர்கள், குரங்குகள் பறித்துக்கொண்டு போய்விடும்.