அவனுக்கு வேணும்னா மட்டும் கேக்கும்

பாளையங்கோட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனை. எதிர் பெஞ்சில் அம்மாவுக்கும் ஆச்சிக்கும் நடுவில் ஒரு பையன். யூகேஜி படிப்பான். வாயைத் திறந்தே மூச்சு விடுகிறான். கண்ணுக்குக் கீழே கருமை. உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்க்கிறான். தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்திருக்கிறது. அலர்ஜி உள்ள பிள்ளைகளிடம் காணும் கோடு.

ஆச்சி பக்கத்துப் பெண்ணிடம் ஒப்பிக்கிறாள்: "வாழப்பழத்த நிப்பாட்டியாச்சு. தயிர நிப்பாட்டியாச்சு. திராட்சையக் கண்ணுலயே காட்டுறதில்ல. போன மாசத்துலருந்து பாலும் இல்ல. சளி மட்டும் விடமாட்டேங்கு."

பையனின் முழங்கால் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது.

கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் மடியில் கைக்குழந்தை, கையில் விரித்த நோட்டு. "அவித்த முட்டை, ஒரு ஸ்பூன். பத்து நிமிஷத்தில் உதடு வீக்கம், முதுகில் தடிப்பு, வாந்தி. அடுத்த தடவையும் இதேதான்." டாக்டருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. முட்டை, பால், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் தோலிலோ வயிற்றிலோ மூச்சிலோ தெரிந்துவிடும். மூக்கு மட்டும் ஒழுகினால், சோற்றுத் தட்டைக் குறை சொல்லுமுன் தலையணைத் தூசியைச் சந்தேகிக்க வேண்டும்.

பையனின் முறை. கதவு பாதி திறந்திருக்கிறது.

"தயிர் சாப்பிட்டா தடிப்பு, வாந்தி ஏதாவது வருமா?"

"அதெல்லாம் இல்ல மேடம். சளிக்குன்னு நிப்பாட்டுனோம்."

"பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்புறானா?"

"சேட்டை மேடம். அவனுக்கு வேணும்னா மட்டும் காது கேக்கும். மிஸ்ஸும் டைரில எழுதி விடுறாங்க. அடிச்சும் பாத்தாச்சு."

"டிவி?"

"அலற விடுவான்."

யாராவது இதை முன்பே கேட்டிருந்தால் எத்தனை அடி மிச்சமாகியிருக்கும்!

காதில் சிறிய ரப்பர் முனையைப் பொருத்துகிறார்கள். தாளில் மேடாக எழும்ப வேண்டிய கோடு தட்டையாகவே ஓடுகிறது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழாய் சிறு பிள்ளைகளுக்குக் குட்டை, கிட்டத்தட்டப் படுக்கைவாட்டம். சளியும் வீங்கிய அடினாய்டு சதையும் சேர்ந்தால் சுலபமாக அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் வலி இருக்காது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தண்ணீருக்குள் முங்கியிருந்து கேட்பதுபோல மந்தமாகக் கேட்கும், அவ்வளவுதான்.

"அப்ப, நாங்க கூப்பிட்டதெல்லாம் அவனுக்குக் கேக்கவே இல்லையா மேடம்?"

"பாதி கேட்டிருக்கும். நிறையப் பிள்ளைங்களுக்கு 3 மாசத்துல தானா சரியாயிரும். ஆகலன்னா காதுல குட்டிக் குழாய் வைக்கலாம். அதுவரைக்கும் முகத்தப் பாத்துப் பேசுங்க. மூக்கு அலர்ஜிக்கு ஸ்ப்ரே எழுதுறேன்."

"பாலு?" ஆச்சி எழுந்து வந்துவிட்டாள்.

"குடுங்க ஆச்சி. தயிரும் குடுங்க, பழமும் குடுங்க. வளர்ற பிள்ள."

அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. "பள்ளிக்கூடத்துக்கு ஒரு சீட்டு எழுதித் தாங்க மேடம். முதல் பெஞ்சுல உக்கார வைக்கணும்னு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."