உழைச்செல்வான்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன் யான். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நான்கு கூறுகளாக மருத்துவத்தை வள்ளுவனார் பகுக்கின்றார். நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான். நோயாளி தன் நோய்நிலையை உணர்த்த வல்லவனாதல் வேண்டும் என்றும், உழைச்செல்வான் மனம் மொழி மெய்களால் தூயனாதல் வேண்டும் என்றும் பரிமேலழகர் விரித்துரைப்பார். இவற்றையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆயினும் அவற்றின் பொருளை யான் உணர்ந்தது சென்ற கோடை விடுமுறையில், ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலின் அருகேதான்.

என் பெரிய தந்தையாரின் மகன் எனக்கு ஐந்தாண்டு மூத்தவர். உபதேசியார் வீட்டுப் பிள்ளை. ஆலயப் பாடகர் குழுவில் முன்னின்று பாடுபவர். ஈராண்டுக் காலமாக அவரை ஒரு விசித்திரமான நோய் வருத்தி வந்தது. சில மாதங்கள் நலமாயிருப்பார். திடீரென ஒரு விடியற்காலையில் குமட்டல் தொடங்கும், வயிறு முறுக்கும், பருகிய நீரும் தங்காது. இரண்டு மூன்று நாள் நரம்பின் வழியே உப்புநீர் ஏற்றிய பின்னரே தணியும். அக்காலத்தில் அவருக்கு ஆறுதல் தந்தது வெந்நீர் ஒன்றே. ஒரே நாளில் ஆறு முறை, ஏழு முறை குளியலறைக்குச் சென்று, தோல் சிவக்குமளவும் வெந்நீரை வார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு வருஷம் அவருடன் ஒரே அறையில் தங்கியவனாதலால், பிறர் அறியாத ஒன்றை யான் அறிந்திருந்தேன். அவர் நாள்தோறும் கஞ்சா புகைத்து வந்தார். “தம்பி, அப்பாவுக்குத் தெரிந்தால் அவர் தாங்கமாட்டார், யாரிடமும் சொல்லிவிடாதே” என்று என் கையைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். யானும் வாக்களித்தேன்.

இரண்டாம் முறை ஆஸ்பத்திரியிற் சேர்த்தபோது, வைத்தியர் ஒருவர் நடைவழியில் என்னை நிறுத்தி, “உங்கள் அண்ணனுக்குக் குடி, கஞ்சா போன்ற பழக்கம் ஏதேனும் உண்டா?” என்று வினவினார். பெரியப்பா நாலடி தூரத்தில் நின்றார். “இல்லை, ஐயா” என்றேன். வைத்தியர் அதனை அப்படியே எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல்லின் பின் ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றினுள் குழாய் செலுத்திப் பார்த்தார்கள், ஒன்றும் புலப்படவில்லை. பெரியம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவ்வளையல்களுக்கு விலை வைத்தது என் நாவேயன்றி வேறன்று.

மூன்றாம் முறை இராப்பணியிலிருந்த வைத்திய அம்மையார், அண்ணன் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு மீளுவதைக் கண்டார். பெரியோரை வெளியே அனுப்பினார். நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, “வெந்நீரில் நின்றால் குறைகிறதா? எத்தனை வருஷமாகக் கஞ்சா புகைக்கிறீர்கள்? நான் கோபிக்கமாட்டேன்” என்றார். அண்ணன் என்னை ஒருமுறை நோக்கினார். பிறகு தாமே யாவற்றையும் சொன்னார்.

நெடுங்காலம் அடிக்கடி கஞ்சா புகைப்போருட் சிலருக்கு இந்நோய் உண்டாகிறது. தென் ஆஸ்திரேலிய வைத்தியர்கள் 2004-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக விவரித்து எழுதினர். வெந்நீரை நாடுவது இதன் அடையாளம். வாந்தியை நிறுத்தும் வழக்கமான மருந்துகள் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. மிளகாயின் காரப்பொருள் சேர்ந்த களிம்பை வயிற்றில் தடவினால் சிலருக்குத் தணிகிறது. முற்றும் விடுவதே நிலையான சிகிச்சை. கஞ்சாவுக்குக் குமட்டலைத் தணிக்கும் இயல்பும் உண்டாதலால், நோயாளி அதனையே மருந்தென்று எண்ணி மேலும் புகைத்து, நோயை வளர்த்துக்கொள்கிறான்.

மறைப்பதனால் வரும் கேடு இந்நோயோடு முடிவதன்று. நாள்தோறும் புகைப்பவனுக்கு அறுவைச் சிகிச்சையில் மயக்கமருந்து மிகுதியாக வேண்டப்படலாம். பின்னர் வலியும் மிகலாம். ஆகவே, அறுவைக்கு முன் ஒவ்வொருவரிடமும் கஞ்சாப் பழக்கத்தைக் கேட்டறிய வேண்டும் என்று அமெரிக்க மயக்கமருந்து வல்லுநர் சங்கமொன்று 2023-இல் நெறி வகுத்தது. கேட்டாலும், விடை பொய்யானால் யாது பயன்?

கல்லூரி திறந்தபின் இதுபற்றித் தேடிப் படித்தேன். 1893-இல் அரசாங்கம் நியமித்த கஞ்சா விசாரணைக் குழு, ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894-இல் அறிக்கை தந்தது. கஞ்சாவினாற் சித்தம் கலங்கினவர் என்று பைத்தியசாலை ஏடுகளில் எழுதப்பட்டிருந்தவர்களின் வரலாற்றை அக்குழு மீண்டும் ஆராய்ந்தது. போலீஸார் அனுப்பிய குறிப்பே பல இடங்களில் விசாரணையின்றிக் காரணமாக ஏறியிருந்தது. ஆராய்ந்தபோது அவற்றுட் பாதிக்குமேல் நிலைபெறவில்லை. அன்று கேளாமலே கஞ்சா என்றெழுதினார்கள். என் அண்ணன் திறத்திலோ, கேட்டும் எழுத வொட்டாமல் யான் தடுத்தேன். இரண்டிடத்தும் ஏட்டில் ஏறியது பொய்யே. ஏடு பொய்த்தால் தீங்கு ஒருவனுக்கு மட்டுமன்று. நாட்டில் இந்நோய் எவ்வளவு என்பதே மறைந்துபோகும். 2019-இல் வெளியான இந்திய அரசின் கணக்கெடுப்பின்படி, ஓராண்டிற்குள் கஞ்சா, பங்கி முதலியவற்றைப் பயன்படுத்தினோர் ஏறத்தாழ 3.1 கோடி, அவற்றால் உதவி வேண்டும் நிலையில் இருந்தோர் ஏறத்தாழ 72 இலட்சம். இவர்களுள் எத்தனை பேருக்கு அருகில் என்போல் ஒருவன் “இல்லை, ஐயா” என்று சொல்லி நிற்கிறானோ!

அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் கஞ்சாவைத் தடுக்கிறது. ஆயினும், சிறிதளவு வைத்திருந்த குற்றத்திற்கோ, உட்கொண்ட குற்றத்திற்கோ உள்ளான அடிமைப்பட்டோர் தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவராயின், அவர்களை வழக்கினின்று விலக்க அச்சட்டத்தின் 64ஏ பிரிவு இடந்தருகிறது. சட்டமே இத்துணை இரங்குமாயின், வீடும் சபையும் இரங்கலாகாதோ?

அண்ணன் இப்பொழுது கஞ்சாவை விட்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒருமுறை வழுவினார், வாந்தியும் திரும்பிற்று. அம்முறை ஆஸ்பத்திரியில் முதல் வினாவுக்கே உண்மையைச் சொன்னார். ஒரு நாளில் வீடு திரும்பினார். வீண் சோதனை ஒன்றும் நடைபெறவில்லை.

பெரியப்பாவிடம் அண்ணன் உண்மையைச் சொன்ன மாலையில் யானும் உடனிருந்து, என் பொய்யையும் அறிக்கையிட்டேன். அவர் தாங்கமாட்டார் என்றன்றோ இருவரும் அஞ்சியிருந்தோம்! அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “என்னிடம் சொல்லுவதற்கு அஞ்சும்படி நான் இருந்துவிட்டேனே” என்று மட்டும் சொன்னார்.

விடுதித் தோழர்களே, நும்முள் எவரேனும் ஒரு நாள் நண்பனின் கட்டிலருகே நிற்க நேரும். வைத்தியர் நும்மை நோக்கி வினவுவார். அப்பொழுது நண்பனின் மானத்தைக் காப்பதாக எண்ணி அவன் உடம்பைக் கைவிடாதீர்கள். அவனைத் தனியே அழைத்துச் சொல்லச் செய்யுங்கள். அவன் சொல்ல இயலாத நிலையிலிருந்தால் நீங்களே சொல்லுங்கள். உழைச்செல்வானும் மருத்துவத்தின் ஒரு கூறு என்று வள்ளுவனார் எண்ணியதன் காரணத்தை இப்பொழுது கேட்டால், எனக்கு இரண்டு பக்கம் வேண்டுவதில்லை.